இரண்டு கம்பி, முப்பது மீட்டர்

இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மின்வாரியக் கணக்கீட்டாளர் வந்து, வீட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். திருச்சி தென்னூரில் முப்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது மீட்டர்களின் எண்களையும் கீழ்த்தளத்திலுள்ள ஒரு கணிப்பொறியே கேட்டுப் பெறவேண்டும். எத்தனை கம்பிகள் தேவை? செய்தி செல்ல இரண்டே போதும் என்றால் நம்புவீர்களா?

மலைக்கோட்டையின் குறுகலான படிகளில் கூட்டம் எப்படி ஏறுகிறது? ஒருவர் பின் ஒருவராக! செய்தியும் அப்படியே, 0, 1 என்னும் பிட்டுகளாக வரிசையில் செல்கிறது. இதுவே தொடர்வழிச் செய்தித் தொடர்பு.

முப்பது மீட்டர்களும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதைப் போலக் கணிப்பொறி "17" என்று அழைக்கும். எல்லா மீட்டர்களும் கேட்கும்; 17 மட்டுமே "உள்ளேன் ஐயா" என்று விடையளிக்கும். மற்றவை வாய் திறக்கா. 1979-இல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைக் கருவிகளுக்காக வெளியிட்ட 'மாட்பஸ்' என்ற முறை இப்படித்தான் இயங்குகிறது. அதில் 1 முதல் 247 வரை எண்கள் கொடுக்கலாம்.

ஆனால் பக்கத்திலேயே லிப்ட் மோட்டார் ஓடுகிறதே, அதன் மின் இரைச்சல் கம்பியில் ஏறாதா? ஏறும். அதற்குத்தான் இரண்டு கம்பிகளையும் பின்னல்போல் முறுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் 3 வோல்ட், மற்றதில் 1 வோல்ட் என்க. வித்தியாசம் 2. இரைச்சல் இரண்டிலும் 5 வோல்ட்டைக் கூட்டினால் 8, 6 ஆகும். வித்தியாசம் அப்போதும் 2 தானே! பெறும் கருவி வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது, 0.2 வோல்ட் இருந்தாலே அதற்குப் போதும். 1983-இல் வெளிவந்த ஆர்.எஸ்.-485 என்னும் தரம் இது. சாதாரணமாக 32 கருவிகளை, வேகத்தைக் குறைத்துக்கொண்டால் சுமார் 1,200 மீட்டர் தூரம்வரை, இதில் இணைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிட் புரண்டுவிட்டால்? விளையாட்டில்லை. ஆஸ்கி குறியீட்டில் '3' என்பது 0110011. நடுவிலுள்ள ஒரு 0 மட்டும் 1 ஆனால் 0110111, அதாவது '7'. மீட்டரின் 5300 கணிப்பொறியில் 5700 ஆகிவிடும். எரிக்காத 400 யூனிட்டுக்கு அந்த வீட்டார் பணம் கட்டவேண்டுமா?

இதைத் தடுக்க ஓர் எளிய தந்திரம்: 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி, கூடவே ஒரு சரிபார்ப்பு பிட் அனுப்புவது. '3'-இல் நான்கு 1-கள். சரிபார்ப்பு பிட் 0. வந்து சேர்ந்ததில் ஐந்து 1-கள் இருந்தால் தவறு பிடிபட்டுவிடும். இரண்டு பிட்டுகள் புரண்டு '3' என்பது '5' (0110101) ஆனால்? மறுபடியும் நான்கு 1-கள், திருடன் தப்பினான்! அதனால்தான் மாட்பஸ் செய்தியின் கடைசியில், முழுச் செய்தியையும் ஓர் எண்போல் வகுத்துக் கிடைத்த 16 பிட் மீதி சேர்க்கப்படுகிறது. பெறும் பக்கத்திலும் அதே கணக்கு நடக்கும். மீதி பொருந்தாவிட்டால் அந்த விடையைத் தள்ளிவிட்டு, கணிப்பொறி மீண்டும் "17" என்று அழைக்கும்.