விளக்கு ஏற்றாத கலங்கரைகள்

ரஷ்யாவின் வடகோடியில், வெண்கடல் கரையோரம் வாழ்ந்த பொமோர் மீனவர்களுக்குக் கலங்கரையாக நின்றது மரச்சிலுவை. சில சிலுவைகள் மூன்று ஆள் உயரத்தையும் தாண்டும். மரமே வளராத தட்டைக் கரையில் நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான் என்பதால், கடலில் வருபவர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படும். விளக்கு தேவைப்படவில்லை. படகு ஓடும் கோடையில் அங்கே இரவிலும் வெளிச்சம் இருக்கும். இருள் நீளும் குளிர்காலத்திலோ கடலே உறைந்துவிடும்.

உறைமண்ணில் ஆழக் குழி பறிக்க முடியாது. அதனால் அடிமரத்தைச் சுற்றிக் கட்டைகளைச் சதுரமாக அடுக்கி, உள்ளே கற்களைக் கொட்டி நிறைத்தார்கள். மரம் இல்லாத தீவுகளில், சைபீரிய ஆறுகள் அடித்துவந்து கரையில் ஒதுக்கிய கட்டைகள் கைகொடுத்தன. குளிரில் மரம் மெதுவாகத்தான் உளுத்துப்போகும்.

சிலுவையை நிறுத்திய விதம் இன்னும் நுட்பமானது. முன்னால் நின்று வணங்குபவர் கிழக்கைப் பார்ப்பார். அப்போது குறுக்குக் கட்டை வடக்குத் தெற்காக அமையும். கீழே சாய்வாகப் பொருத்திய சிறு கட்டையின் உயர்ந்த முனை வடக்கைக் காட்டும். துருவத்தை நெருங்க நெருங்கக் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து வெகுவாக விலகும். அங்கே இப்படி அசையாமல் நிற்கும் ஒரு திசைகாட்டி எவ்வளவு பெரிய துணை!

பல சிலுவைகள் நேர்த்திக்கடன்கள். புயலில் பிழைத்தவர்கள் கரையேறிய இடத்திலேயே நட்டவை. ஆகவே ஒவ்வொன்றும் பின்னால் வருபவருக்கு, இங்கே ஒதுங்கலாம் என்ற தகவலும் ஆயிற்று. பக்தியும் கடலறிவும் இப்படி ஒரே மரத்தில் சேர்ந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். 1694இல் சொலோவெத்ஸ்கி மடத்துக்குக் கப்பலில் புறப்பட்ட ஜார் மகா பீட்டர் கடும்புயலில் சிக்கினார். அந்திப் திமோஃபெயெவ் என்ற உள்ளூர் மாலுமி கப்பலை ஊனா விரிகுடாவுக்குள் பத்திரமாகக் கொண்டுசேர்த்தார். பீட்டர் தம் கையாலேயே மரச்சிலுவை செய்து, டச்சு மொழியில் எழுத்துப் பொறித்துக் கரையில் நட்டார்.

அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1594இல், டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் நோவயா செம்லியா கரையருகே ஒரு தீவில் பெரிய சிலுவைகளைக் கண்டு, தீவுக்கே அந்தப் பெயரை வைத்தார். பொமோர்கள் கைப்பட எழுதிய கடல்வழி ஏடுகளிலும் சிலுவைகள் வழிக்குறிகளாக இடம்பெறுகின்றன.

இப்போது உறைமண் இளகி, ஆர்க்டிக் கரைகள் பல இடங்களில் சரிகின்றன. எஞ்சிய சிலுவைகளை அருங்காட்சியகங்களுக்குப் பெயர்த்துச் சென்றால் மரம் பிழைக்கும். ஆனால் நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் முதலில் அளந்து குறிக்க வேண்டும். அந்த இரண்டுக்காகவும்தானே அவற்றை நட்டார்கள்.