கசிவை அடைத்த காலமும் அளக்கும் காலமும்

கேரளத்தில் நின்று தமிழகத்துக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை கசிகிறதா? கசிகிறது. கல்லால் கட்டிய எந்த அணையும் கொஞ்சமாவது கசியும். எவ்வளவு, எங்கிருந்து, தெளிந்த நீரா கலங்கல் நீரா என்பதுதான் கேட்க வேண்டியது.

1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் வயிறு முழுக்கச் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் கலந்த சாந்து. அன்றைக்கு இங்கே பரவலாகப் பயன்பட்ட சாந்து அது. ஆனால் உள்ளே புகும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகும். வெளியே வந்த இடத்தில் வெள்ளையாகப் படியும். கரைந்த இடம் பொள்ளலாகி, மேலும் நீருக்கு வழிவிடும். உள்ளே போய்ப் பார்க்க அன்று சுரங்கப்பாதை இல்லை. பின்சுவரில் ஈரம் கண்டால்தான் கசிவு என்று தெரியும். 1930களில் துளை போட்டுச் சிமென்ட் பாலை உள்ளே செலுத்தினார்கள். அன்றைய வைத்தியம் அடைப்பது.

1979இல் பாதுகாப்பு அச்சம் எழுந்து நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பிறகு மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். இரும்பு வடங்களை அணைக்குள் இறக்கி, அடிப்பாறையோடு இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் அணைப்பு எழுப்பினார்கள். அதோடு 10 அடியிலும் 45 அடியிலும் சுரங்கப்பாதைகள் வந்தன. என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் இதுதான். கசிவு நீர் இப்போது ஓர் இடத்தில் சேர்ந்து, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று கணக்காகிறது. நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினாலோ, நீர் கலங்கினாலோதான் கவலைப்பட வேண்டும்.

2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயமாயிற்று. 2022இல் அச்சட்டத்தின் அதிகாரங்களை, இந்த அணைக்காகத் தான் அமைத்த மேற்பார்வைக் குழுவிடம் நீதிமன்றம் ஒப்படைத்தது.

ஆனாலும் பெரிய அணையை ஒட்டிய சிறிய பேபி அணையைப் பலப்படுத்த வெட்ட வேண்டிய 15 மரங்களுக்கு 2021 நவம்பரில் கேரளம் தந்த அனுமதி சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அணை பலமாக இல்லை என்று அஞ்சுபவர்களுக்கும் அந்த வேலை முடிவதுதான் நல்லது. நீர் வேண்டுபவர்களுக்கும் அதுவே நல்லது. இதை வழக்காக வைத்திருப்பது எனக்கு வேதனை தருகிறது.

142 என்ற எண்ணைத் தமிழகத்தின் கம்பத்துப் பிள்ளைகளும் கேரளத்தின் வண்டிப்பெரியாற்றுப் பிள்ளைகளும் அறிவார்கள். அன்றன்றைய கசிவு எத்தனை லிட்டர் என்பதையும் இரு ஊர்ப் பேருந்து நிலையங்களிலும், தமிழிலும் மலையாளத்திலும், பலகையில் எழுதி வைக்க வேண்டும்.