டென்னிஸ் மட்டைக்கு வீட்டிலேயே ஸ்டிரிங்: எந்த மெஷின் வாங்கலாம்?

வாரத்திற்கு எத்தனை நாள் டென்னிஸ் ஆடுகிறோமோ, ஆண்டுக்கு அத்தனை முறையாவது மட்டையின் ஸ்டிரிங்கை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் வீட்டில் இருவர் வாரம் நான்கு நாள் ஆடுவதால், ஆண்டுக்கு எட்டு முறை கடைக்குப் போக வேண்டும். அதனால் ஒரு ஸ்டிரிங்கிங் மெஷின் வாங்கி நானே கட்டி வருகிறேன். வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இதோ.

ஸ்டிரிங்கை இழுக்கும் முறையைப் பொறுத்து இவை மூன்று வகைப்படும்.

1. டிராப் வெயிட்: ஒரு கம்பியில் எடைக்கல் இருக்கும். கம்பி கிடைமட்டமாக நின்றால் சரியான டென்ஷன். 10 டிகிரி சாய்ந்தாலும் ஒன்றரை சதவீதம்தான் குறையும். 50 பவுண்டில் முக்கால் பவுண்ட். விலை குறைவு, மின்சாரம் தேவையில்லை. ஆனால் வேலை மெதுவாக நடக்கும்.

2. கிராங்க்: கைப்பிடியைச் சுற்றினால், குறித்த டென்ஷன் வந்ததும் லாக் ஆகிவிடும். அதன் பிறகும் ஸ்டிரிங் சற்று நீளும் என்பதால் டென்ஷன் இறங்கும். எனவே அதே அளவு வைத்தாலும், மற்ற இரண்டைவிடச் சற்றுத் தளர்வாகவே அமையும்.

3. எலக்ட்ரானிக்: டென்ஷன் குறைந்தால் மோட்டார் மீண்டும் இழுத்துச் சரி செய்யும். வேகமானது, விலையும் அதிகம்.

அடுத்து, மட்டையைப் பிடிக்கும் தாங்கிகளைப் பாருங்கள். 16 நெடுக்கு ஸ்டிரிங்குகளை 50 பவுண்டில் இழுத்தால் மொத்தம் 800 பவுண்ட், அதாவது சுமார் 360 கிலோ விசை. குறுக்கு ஸ்டிரிங்குகளைக் கட்டி முடிக்கும் வரை இதை மட்டை தாங்கியாக வேண்டும். தாங்கிகள் ஆடினால் மட்டை வளையலாம், விரிசலும் விடலாம்.

கிளாம்ப் இரு வகை. மிதக்கும் கிளாம்ப் பக்கத்து ஸ்டிரிங்கைப் பிடித்து நிற்பதால் சற்று நழுவும். மெஷினோடு இணைந்த கிளாம்ப் உறுதியாகப் பிடிக்கும். கூடுதல் பணம் இருந்தால் மோட்டாருக்கு அல்ல, இதற்கே செலவிடுங்கள். வீட்டு உபயோகத்திற்கு இணைந்த கிளாம்ப் உள்ள டிராப் வெயிட்டே போதும் என்பது என் கருத்து.

வாங்கியதும் சூட்கேஸ் எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டி, மெஷின் காட்டும் டென்ஷனைச் சரிபாருங்கள். தேதி, ஸ்டிரிங் வகை, டென்ஷன் மூன்றையும் எக்செல்லில் குறித்து வைப்பது என் வழக்கம். முழங்கை உறுத்துகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தக் குறிப்பைப் பார்த்து அடுத்த முறை 2 பவுண்ட் குறைத்துக் கட்டுவேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுக்கும் மெஷின் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலன் தரும்.