ஏறவும் இறங்கவும் ஒரே வண்டி

அம்பத்தூர்க்காரர்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலிருந்துதான் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்தன. ஆவடியில் இரும்புக்குழாய், அம்பத்தூரில் செயின் என்று வண்டியின் முக்கிய உறுப்புகள் இந்த வட்டாரத்திலேயே உருவாயின. மலை மட்டும்தான் இங்கே இல்லை. ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று எங்கே திரும்பினாலும் சமதரை. மேடு வேண்டுமென்றால் மேம்பாலமும் ஏரிக்கரையும்தான். அதனால் இந்தப் பக்கத்தில் மவுண்டன் பைக் வாங்கப் போகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகவே இருக்கும். வித்தியாசம் ஏலகிரியிலோ நீலகிரியிலோ போய்த்தான் தெரியும். அதற்குள் பணம் கட்டி முடித்திருப்போம்.

பைக் பார்க்கில் தாவிக் குதித்து இறங்கவும், மலைப்பாதையில் மிதித்து ஏறவும் ஒரே வண்டி போதுமா? போதும். எதை முதலில் வைத்து முடிவெடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பைக் பார்க் என்றதும் பலர் மனதில் வருவது கனடாவின் விஸ்லர். அங்கே லிஃப்ட் சைக்கிளோடு ஆளையும் மேலே கொண்டுபோய் விடும். ஓட்டுகிறவரின் வேலை இறங்குவது மட்டுமே. அதற்கென்றே செய்த டவுன்ஹில் வண்டியில் முன்னும் பின்னும் 200 மி.மீ. அளவுக்குச் சஸ்பென்ஷன் அமுங்கும். ஏற்றத்துக்கான கியரே அதில் இருக்காது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடந்த ஆசிய மவுண்டன் பைக் போட்டியிலும் ஏறி இறங்கும் கிராஸ் கன்ட்ரிக்கு ஒரு வகை வண்டி, டவுன்ஹில்லுக்கு வேறு வகை. நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது.

நம் ஊர் நிலைமையில் லிஃப்ட் இல்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகாவிட்டால், இறங்கும் ஒவ்வொரு மீட்டரும் நாமே மிதித்து ஏறியதுதான். ஆகவே ஏற்றத்துக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன். சொகுசாக ஏறும் வண்டியில் இறங்கப் பழகிக்கொள்ளலாம். ஏற மறுக்கும் வண்டி வீட்டில் தூசி படிந்து நிற்கும். வெளிநாட்டுப் பார்க்குக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அங்கேயே டவுன்ஹில் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். வருடத்தில் இரண்டு நாள் சுகத்துக்காக மீதி நாளெல்லாம் பெரிய வண்டியை மிதிக்க வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு சஸ்பென்ஷன்? முன்னால் 140 அல்லது 150 மி.மீ., பின்னால் 130 முதல் 140. இதை டிரெயில் பைக் என்பார்கள். 170-க்கு மேல் போனால் சாதாரணப் பாதையே சலிப்பாகிவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியது சீட் குழாயின் கோணம். கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார். செங்குத்தான ஏற்றத்தில் உடம்பின் பாரம் பின்சக்கரத்துக்கு மேல் சரியும். அப்போது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு திசை மாறும். குழாய் 76 முதல் 78 டிகிரி வரை நிமிர்ந்திருந்தால் இடுப்பு முன்னால் வரும், முன்சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்துக்கு ஹேண்டில் பக்கக் கோணம் முக்கியம். 65 டிகிரியை ஒட்டி இருந்தால் வேகத்திலும் வண்டி தடுமாறாது. இந்த இரண்டு எண்களும் ஒரே வண்டியில் இன்று கிடைக்கின்றன. பத்து, பதினைந்து வருடம் முந்தைய வண்டிகளில் இது அரிது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கியருக்கு ஒரு கணக்கு. முன்னால் 30 பல், பின்னால் 51 பல், 29 அங்குலச் சக்கரம் என்றால் பெடலை ஒரு சுற்று மிதிக்க வண்டி சுமார் 1.35 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கி.மீ. கூட இல்லை. கொண்டை ஊசி வளைவில் முழங்காலைக் காப்பாற்றுவது இந்த மெதுவான கியர்தான். 44-க்கு 18 பல் வைத்த பழைய கறுப்பு சைக்கிளில் அதே ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கு மேல் போகும்.

எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, மிதிக்கும் சக்தி 150 வாட் என்றால் 500 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். வண்டி ஒரு கிலோ கூடினால் இன்னும் அரை நிமிடம், அவ்வளவுதான். அந்த ஒரு கிலோவைக் குறைக்கச் செலவழிக்கும் பணத்தை பிரேக்கில் போடுங்கள். ஏறும்போது சேர்த்த சக்தியில் பெரும்பகுதி இறங்கும்போது டிஸ்க்கில்தான் வெப்பமாக மாறும். முன்னால் 200 மி.மீ. ரோட்டாரும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் இருந்தால் நீண்ட இறக்கத்திலும் கை ஓயாது. உட்கார்ந்தபடியே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்டும் இந்த வகை வண்டிக்கு அவசியம்.

டியூப்லெஸ் டயர் நம் பக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும். ஏரிக்கரையெல்லாம் சீமைக்கருவேலம். அதன் முள் டியூபை நொடியில் குத்திவிடும். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் அந்தத் துளையைத் தானே அடைத்துவிடும். ஆனால் சென்னை வெயிலில் அது சீக்கிரம் உலரும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால்? பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத, முன்னால் 130 மி.மீ. நல்ல ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் வாங்கலாம். மலிவான ‘டபுள் ஷாக்கர்’ வண்டி மட்டும் வேண்டாம். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை ஆட்டுவதற்கே போய்விடும். குதித்தால் ஃபிரேம் தாங்கும் என்ற உறுதியும் கிடையாது.

வண்டி வந்ததும் கண்ணில்படும் காட்டுப்பாதையில் நுழைந்துவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிய விபத்துக்குப் பிறகு கண்காணிப்பும் கூடியிருக்கிறது.

ஒரே வண்டியை ஏறவும் குதித்து இறங்கவும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஷாக் பம்ப் ஒன்று போதும். மலையேறும் நாளில் நீங்கள் உட்கார்ந்ததும் பின் ஷாக் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை அமுங்கும்படி காற்று வையுங்கள், ஏற்றம் தொடங்கும் இடத்தில் அதன் லீவரைத் திருப்பி இறுக்குங்கள். தாவிக் குதிக்கும் நாளில் ஷாக்கில் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. கூட்டி, டயரில் 2 பி.எஸ்.ஐ. கூட்டி, லீவரை முழுக்கத் திறந்துவிடுங்கள். எந்த நாளுக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டூல் பையிலேயே வைத்திருந்தால் மலையடிவாரத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.