அதிவேகக் கணினிக் கொத்துகளுக்கான கெர்னல் இயக்கிகள்: உருவாக்கமும் வழுநீக்கமும்

பல கணினிகளை வேகமான வலையமைப்பால் இணைத்து, ஒரு பெரிய கணக்கைப் பங்கிட்டுச் செய்யவைக்கும் அமைப்பு கணினிக் கொத்து அல்லது கிளஸ்டர் எனப்படும். வானிலைக் கணிப்பு, மூலக்கூறு ஆய்வு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் பயிற்சி போன்றவை இத்தகைய கொத்துகளில் நடைபெறுகின்றன. ஒவ்வொரு கணினியிலும் உள்ள வலையமைப்பு அட்டையை இயக்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு இணைக்கும் மென்பொருள் கெர்னல் இயக்கி, அதாவது டிரைவர், ஆகும்.

சாதாரண ஈதர்நெட் அட்டையின் இயக்கி, வரும் போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் தானே கையாளுகிறது. கொத்துகளுக்கான அட்டையின் இயக்கி அப்படியல்ல. தொடக்க ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, தரவு ஓடும் பாதையிலிருந்து அது விலகிக்கொள்கிறது. இதனால் வேகம் கிடைக்கிறது. ஆனால் தவறு நேரும்போது கெர்னலின் கண்ணில் அது படுவதே இல்லை. இவ்வகை இயக்கிகளின் வழுநீக்கம் கடினமாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

பின்னணி

1994இல் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் பெயோவுல்ஃப் என்ற கொத்தை உருவாக்கினர். கடையில் கிடைக்கும் கணினிகள் 16ஐ ஈதர்நெட்டால் இணைத்து, லினக்ஸை ஓடவிட்ட அமைப்பு அது. நொடிக்கு 10 மெகாபிட் ஈதர்நெட் போதவில்லை. எனவே ஒரே கணினியில் இரண்டு அட்டைகளைப் பொருத்தி, சுமையை இரண்டிலும் பங்கிடும் இயக்கியைப் பெக்கர் எழுதினார். லினக்ஸின் தொடக்ககால ஈதர்நெட் இயக்கிகள் பலவும் அவருடையவை.

அதன்பின் மைரிநெட், குவாட்ரிக்ஸ் நிறுவனத்தின் கியூஎஸ்நெட் போன்ற தனிச்சிறப்பு வலையமைப்புகள் வந்தன. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் தனது பரம் வரிசைக் கணினிகளுக்காகப் பரம்நெட்டை உருவாக்கியது. இவ்வகை வலையமைப்புகளின் இயக்கிகள் பெரும்பாலும் கெர்னல் மூலநிரலுக்கு வெளியே தனியாகப் பராமரிக்கப்பட்டன. கெர்னலின் உள்செயற்கூறு ஒன்று மாறினால் இயக்கியும் உடைந்துவிடும்; புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதைத் திருத்த வேண்டியிருந்தது. 2000இல் இன்ஃபினிபேண்ட் தரவரையறை வெளியானது. அதற்கான இயக்கிகள் 2005இல் வந்த லினக்ஸ் 2.6.11 பதிப்பில் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. உள்ளே சேர்ந்த இயக்கிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: கெர்னலின் பொதுப்பகுதியை மாற்றுபவரே அம்மாற்றத்தால் பாதிக்கப்படும் எல்லா இயக்கிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

கெர்னல் ஏன் விலக வேண்டும்?

நொடிக்கு 100 கிகாபிட் வேகத்தில் 1500 பைட் பொட்டலங்கள் வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் பொட்டலங்கள் ஆகின்றன. ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 120 நானோநொடி. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரே ஒரு மதிப்பைப் படித்துவரச் செயலிக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் குறுக்கீடு, கெர்னலுக்குள் நகல், பின் நிரலின் நினைவகத்துக்கு இன்னொரு நகல் என்று செய்தால் கணக்குப் போட நேரம் மிஞ்சாது.

இதற்கான தீர்வு ஆர்டிஎம்ஏ எனப்படும் தொலை நேரடி நினைவக அணுகல். நிரல் தன் நினைவகத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே அட்டையிடம் பதிவு செய்கிறது. அனுப்ப வேண்டியதை ஒரு வரிசையில் குறித்துவிட்டு, மணி அடிப்பதுபோல் அட்டையின் ஒரு பதிவகத்தில் எழுதுகிறது. அட்டை தானே நினைவகத்தைப் படித்து அனுப்புகிறது. மறுமுனையிலுள்ள அட்டை நேராக அங்குள்ள நிரலின் நினைவகத்தில் எழுதுகிறது. ஒரு சிறு செய்தி போய்ச்சேர ஒரு மைக்ரோநொடி அளவே ஆகிறது. இதில் கெர்னலின் பங்கு பதிவு செய்யும்போதும், முடிவில் எல்லாவற்றையும் கலைக்கும்போதும் மட்டுமே.

பதிவு செய்த பக்கமும் ஃபோர்க் சிக்கலும்

நிரல் காண்பது மெய்நிகர் முகவரி. அட்டைக்குத் தேவை பௌதிக முகவரி. பதிவின்போது இயக்கி அந்தப் பகுதியின் பக்கங்களைக் கண்டறிந்து, அவை வட்டுக்குத் தள்ளப்படாதபடி கெர்னலிடம் பிடித்துவைக்கச் சொல்கிறது. பிறகு பௌதிக முகவரிகளை அட்டையின் அட்டவணையில் எழுதுகிறது. அந்த அட்டவணை சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்த இடங்களில் மிகவும் பெயர்பெற்றது ஃபோர்க் சிக்கல்.

லினக்ஸில் ஓடும் நிரல் ஒன்று ஃபோர்க் என்ற அழைப்பால் தன்னைப் போன்ற சேய் நிரலை உண்டாக்கும். அப்போது நினைவகம் உடனே நகலெடுக்கப்படுவதில்லை. தாயும் சேயும் அதே பௌதிகப் பக்கங்களைப் பகிர்கின்றன. இரண்டில் எது முதலில் ஒரு பக்கத்தில் எழுதுகிறதோ அதற்குப் புதிய நகல் தரப்படும். நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நல்ல உத்திதான்.

இனி ஓர் உருவகப்படுத்தல் நிரலை எண்ணிப் பார்க்கலாம். அது வேறொரு சிறு நிரலை ஓட்டுவதற்காக ஃபோர்க் செய்கிறது. உடனே தாய் நிரல், அட்டையிடம் பதிவு செய்த பக்கத்தில் எதையோ எழுதுகிறது. முதலில் எழுதியது தாய் என்பதால் புதிய நகல் தாய்க்குப் போகிறது. அட்டையின் அட்டவணையிலோ பழைய பக்கத்தின் முகவரியே இருக்கிறது. சேய் விரைவில் வேறு நிரலாக மாறிவிட, அந்தப் பழைய பக்கம் இயக்கியின் பிடியில் மட்டும் ஆளில்லாமல் நிற்கிறது. அண்டைக் கணினியிலிருந்து வரும் எண்களெல்லாம் அங்கே போய் விழுகின்றன. தாய் நிரல் தன் பக்கத்தில் பழைய எண்களைப் படித்துக் கணக்கைத் தொடர்கிறது.

பிழைச்செய்தி எதுவும் வராது. அட்டை தன் வேலையைச் சரியாகவே முடித்ததாக அறிவிக்கும். அனுப்பிய பக்கத்திலும் எல்லாம் சரி. மேலும், தாய் எழுதுவதற்கு முன்பே சேய் வேறு நிரலாக மாறிவிட்டால் இச்சிக்கல் எழாது. ஆகவே ஒரே நிரல் பலமுறை சரியாக ஓடி, ஒருமுறை மட்டும் தவறான விடை தரக்கூடும். ஒரு நிரல் நின்றுபோவதைவிட இது ஆபத்தானது. நின்றுபோனால் பயனர் அதை அறிவார், தவறான விடையை அவர் நம்பிவிடுவார்.

2006இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.16 பதிப்பில், குறிப்பிட்ட பக்கங்களைச் சேய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று கெர்னலிடம் சொல்லும் வசதி இதற்காகவே சேர்க்கப்பட்டது. அதிலும் ஒரு முள் இருந்தது. ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். பதிவு செய்த இடம் 100 பைட்டாக இருந்தாலும் முழுப்பக்கமும் சேய்க்குக் கிடைக்காது. அதே பக்கத்தில் தற்செயலாக இருந்த வேறு தரவைச் சேய் தொட்டால் அந்த நொடியே முறிந்துவிடும். மௌனமான பிழைக்குப் பதில் சத்தமான பிழை என்ற அளவில் அது முன்னேற்றமே. சாதனங்களுக்காக நெடுநேரம் பிடிக்கப்பட்ட பக்கங்களைத் தனியாக அடையாளம் காணும் முறை 2020இல் சேர்ந்தது. பின்வந்த பதிப்புகளில், அத்தகைய பக்கங்களை ஃபோர்க் நேரத்திலேயே சேய்க்காக நகலெடுத்து, மூலப்பக்கத்தைத் தாயிடமே விட்டுவிடுகிறார்கள். சிக்கலின் வேருக்குப் போகப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றால், இயக்கியும் நினைவக மேலாண்மையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது விளங்கும்.

இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவு செய்வதற்கு நேரமாகும் என்பதால் எம்பிஐ நூலகங்கள் பழைய பதிவுகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும். நிரல் அந்த நினைவகத்தை விடுவித்து, அதே முகவரியில் புதிதாக இடம் பெற்றால், நூலகம் பழைய பதிவையே செல்லுபடியாகும் என நினைத்துவிடும். பக்க அட்டவணை மாறும்போது இயக்கிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2008இல் 2.6.27 பதிப்பில் வந்தது. பக்கங்களைப் பிடித்துவைக்காமல், தேவைப்படும்போது அட்டையே கெர்னலிடம் கேட்டுப்பெறும் முறை 2015இல் 3.19 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு அட்டையின் வன்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்.

வரிசை, உறக்கம், கலைப்பு

வேலைக்குறிப்பை நினைவகத்தில் எழுதிய பிறகே மணி அடிக்க வேண்டும். நிரலில் அந்த வரிசையில் எழுதியிருந்தாலும், செயலியும் மொழிபெயர்ப்பியும் வரிசையை மாற்றலாம். இடையில் நினைவகத் தடுப்பு என்ற கட்டளை தேவை. எக்ஸ்86 செயலிகள் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காப்பதால், தடுப்பை மறந்த இயக்கி அங்கே ஆண்டுக்கணக்கில் ஓடிவிடும். ஆர்ம் அல்லது பவர் செயலியில் பாதி எழுதிய குறிப்பை அட்டை படித்துவிடும்.

உறக்கத்தில் வேறொரு பொறி. வேலை முடிந்த வரிசை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "வந்தால் எழுப்பு" என்று அட்டையிடம் சொல்லி நிரல் உறங்குகிறது. பார்த்ததற்கும் சொன்னதற்கும் இடையே ஒரு செய்தி வந்திருந்தால் எழுப்ப யாருமில்லை. சொன்ன பின் மறுபடி ஒருமுறை வரிசையைப் பார்ப்பதே சரியான முறை. ஆயிரம் கணினிகளில் ஒன்று இப்படி உறங்கினாலும், அதற்காகக் காத்திருந்து மொத்தக் கொத்தும் நின்றுவிடும். வழு ஒரு கணினியில், அறிகுறி 999 கணினிகளில்.

கலைப்பதும் எளிதல்ல. நிரல் திடீரெனக் கொல்லப்பட்டால், இயக்கி முதலில் அட்டையின் வரிசைகளை நிறுத்தி, நின்றதை அட்டை உறுதிசெய்யும்வரை பொறுத்து, அதன்பின்பே பக்கங்களை விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால், விடுவித்த பக்கம் வேறொரு நிரலுக்குப் போயிருக்க, வழியில் இருந்த பொட்டலம் அதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

வழு தேடும் முறை

இயக்கியைச் சந்தேகிக்கும் முன் வன்பொருளையும் அமைப்பையும் பார்ப்பது நல்லது. 16 தடங்கள் கொண்ட மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகி நொடிக்குச் சுமார் 126 கிகாபிட் தரும். அட்டை சரியாக அமராமல் 8 தடங்களில் இணைந்தால் அதில் பாதிதான். பதிவு தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு பயனர் பிடித்துவைக்கக்கூடிய நினைவகத்தின் வரம்பு. லினக்ஸில் அது நீண்டகாலம் 64 கிலோபைட்டாகவே இருந்தது. கையால் ஓட்டும்போது ஓடும் நிரல், பணி அட்டவணையாளர் வழியாக அனுப்பினால் தோற்பதும் உண்டு. உள்நுழையும் பயனருக்கு உயர்த்திய வரம்பு, கணினி துவங்கும்போதே எழுந்த சேவைக்குப் போய்ச்சேராததே அதற்கான வழக்கமான காரணம்.

இயக்கிக்குள் ஒவ்வொரு படியிலும் செய்தி அச்சிடுவது பலரின் முதல் உத்தி. அச்சிட எடுக்கும் நேரம் இயக்கியின் ஓட்டத்தையே மாற்றிவிடுவதால், வழு அச்சிடும்போது மறைந்து, அச்சை எடுத்ததும் திரும்பும். நினைவகத்தில் குறித்துவைக்கும் எஃப்டிரேஸ் இதற்கு மேல். பூட்டுகளின் வரிசைத் தவறை லாக்டெப் காட்டும். கேசான் என்ற நினைவகச் சோதனைக் கருவி செயலி செய்யும் தவறான அணுகலைப் பிடிக்கும். அட்டை நேரடியாக எழுதுவது அதற்குத் தெரியாது. அதைத் தடுக்கக்கூடியது ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள். அனுமதியில்லாத முகவரிக்கு அட்டை எழுத முயன்றால் அது மறித்துப் பதிவு செய்யும். ஆனால் ஃபோர்க் சிக்கலில் அதுவும் பயன்படாது. பழைய பக்கம் அனுமதி பெற்ற பக்கமாகவே இருக்கிறது.

கெர்னல் செய்திகளை வலையமைப்பு வழியாக வேறு கணினிக்கு அனுப்பும் வசதியும் உண்டு. ஆராயப்படும் இயக்கியின் வழியாகவே அதை அனுப்ப முனைவது வீண். தொடர்முனை அல்லது வேறொரு சாதாரண அட்டை வேண்டும்.

விலையுயர்ந்த அட்டை இல்லாத மாணவர்களும் இத்துறையைப் பழகலாம். ஈதர்நெட் அட்டையின்மேல் ஆர்டிஎம்ஏவை மென்பொருளாகவே நடத்தும் சாஃப்ட் ரோசி இயக்கி 2016இல் 4.8 பதிப்பிலும், ஐவார்ப் நெறிமுறைக்கான எஸ்ஐடபிள்யூ இயக்கி 2019இல் 5.3 பதிப்பிலும் லினக்ஸில் சேர்ந்தன. இரண்டு மெய்நிகர் கணினிகள் இருந்தால் போதும். பதிவு செய்தல், வரிசைகள், கலைப்பு ஆகிய அனைத்தின் மூலநிரலையும் படித்து, மாற்றி, உடைத்துப் பார்க்கலாம். மணி அடிப்பதிலும் நினைவகத் தடுப்பிலும் வரும் தவறுகளை மட்டும் அவற்றில் காண இயலாது. அங்கே அட்டையின் வேலையையும் செயலியே செய்கிறது.