கல்லைத் தின்னும் பாசி



சில வருடங்களுக்கு முன்னர் நான் சென்றிருந்த ஊரொன்றில், ரமழானை முன்னிட்டுப் பழைய பள்ளிவாசலைத் துப்புரவு செய்தார்கள். வாசலிலிருந்த சுண்ணாம்புக் கல்லில் பாசி போகவில்லை என்று அமிலத்தை ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். பாசி போயிற்று. கூடவே கல்லில் வெட்டியிருந்த அறபு எழுத்துக்களும் போயின. கட்டியவரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அதில்தான் இருந்தன. செய்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அழிந்தது இனித் திரும்பி வருமா?

கல்லை அரிப்பது எது?

கல்லின் மேல் படர்வது வெறும் அழுக்கல்ல. பற்றீரியா, பங்கசு, பாசி, கற்பாசி எனப் பல உயிர்கள் வழுவழுப்பான ஒரு படலமாகக் கூடி வாழ்கின்றன. ஈரம்தான் அவற்றுக்கு உயிர். பங்கசும் கற்பாசியும் ஒட்சாலிக் அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புக் கல்லையும் சலவைக் கல்லையும் கரைக்கின்றன. அவற்றின் நுண்ணிய இழைகள் கல்லின் துளைகளுக்குள் புகுந்து, நனையும்போது வீங்கிக் காயும்போது சுருங்குகின்றன. வருடக் கணக்கில் இப்படி நடந்தால் கல் பொருக்காக உதிர்கிறது.

மருந்தே நோயானால்?

கண்கெட்ட மருந்து நோயைவிடப் பொல்லாதது. அமிலம் கல்லையே கரைத்துவிடும். குளோரின் கரைசல் பாசியைக் கொன்றாலும், கல்லின் துளைகளில் உப்பை விட்டுச் செல்கிறது. அந்த உப்பு பளிங்காக உறையும்போது கல்லின் மேற்பரப்பு வெடித்து உரிகிறது. சீமெந்துப் பூச்சோ ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது.

இதனால்தான் அறிஞர்கள் மென்மையான வழிகளைத் தேடினார்கள். வத்திக்கான் தோட்டத்துச் சலவைக்கற் சிலைகளில் படரும் நுண்ணங்கிகளை நீக்க, தைம், ஓரிகானோ போன்ற மூலிகைகளின் வாசனை எண்ணெய்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தைம் இலையிலுள்ள தைமோல் என்னும் பொருள்தான் நம் வீட்டு ஓமத்துக்கும் மணம் தருகிறது.

நுண்ணங்கிகள் எல்லாமே பகையல்ல என்பதையும் கண்டார்கள். நாம் கர்னாதா என்றறியும் ஸ்பெயினின் கிரனாடா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்லின் துளைகளுக்குள் சுண்ணாம்பைப் படியச் செய்து உதிரும் துகள்களைப் பிணைக்கும் ஒரு பற்றீரியாவைப் பற்றி 2003இல் எழுதினார்கள். பின்னர், கல்லில் ஏற்கனவே வாழும் பற்றீரியாக்களுக்குப் பொருத்தமான உணவுக் கரைசலைத் தெளித்தாலே அவை அந்த வேலையைச் செய்யும் என்றும் காட்டினார்கள். அந்நகரின் பழைய கட்டடங்களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள்.

தாஜ்மஹால் தரும் பாடம்

ஆக்ராவிலுள்ள தாஜ்மஹாலின் மஞ்சளித்த சலவைக் கல்லுக்கு 1994 முதல் பல தடவைகள் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் நீரால் கழுவியிருக்கிறார்கள். அழுக்கை அந்த மண் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டளவில் யமுனைப் பக்கச் சுவரில் பச்சைத் திட்டுக்கள் தோன்றின. மாசடைந்த ஆற்றில் பெருகிய சிறு பூச்சிகளின் எச்சமே அது. கழுவக் கழுவ மீண்டும் வந்தது. ஆறு அழுக்காக இருக்கும்வரை சுவரை மட்டும் கழுவி என்ன பயன்?

நாம் செய்யக் கூடியது

நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்களுக்கும் மையவாடிகளிலுள்ள மீஸான் கற்களுக்கும் இதே பாடம்தான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். கூரை ஒழுக்கையும் அடைபட்ட பீலியையும் சரிசெய்யுங்கள். சுவரை மூடும் செடிகொடிகளை வெட்டுங்கள். எழுத்துள்ள கல்லாயின், கை வைப்பதற்கு முன் படம் பிடித்து வையுங்கள். கல் உறுதியாக இருந்தால் மட்டும் சுத்தமான நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். உதிரும் கல்லைத் தொடாதீர்கள். தொல்பொருள் திணைக்களத்தாரிடம் கேளுங்கள். ஓம எண்ணெயையும் நாமாக ஊற்றிப் பார்க்க வேண்டாம். எந்த அளவில், எந்தக் கல்லுக்கு என்பதைத் தெரிந்தவர்களே சொல்ல வேண்டும்.

முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் இந்தக் கற்கள். அடுத்த தடவை உங்கள் பள்ளி நிர்வாகிகள் துப்புரவு பற்றிப் பேசும்போது, அமிலப் போத்தலைத் திறப்பதற்கு முன் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.