கடற்கரை ஓட்டமும் மண்பானைப் பாடமும்

விழிப்புணர்வு ஓட்டம் என்றதும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு மாமல்லபுரம் கடற்கரைதான் நினைவுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் ஓட்டத்துக்கு என் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றேன். காலை 6 மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம். கொடியசைக்க வேண்டியவர் வந்து சேர 8 மணி ஆனது. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். நிழலில் படுக்கவைத்ததும் கண் விழித்தாள். காலையில் அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பேருந்தில் ஏறும்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

கடலோரம் காற்று வீசுகிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம் உடலில் வியர்வை செய்வதும் அதே வேலைதான். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது.

2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தினார்கள். வெயிலே இல்லை. ஆனாலும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து வாட்டியதில், ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. பயிற்சி பெற்ற வீராங்கனைகளுக்கே அந்த நிலை என்றால், நம் பிள்ளைகளுக்கு?

இதை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் வையுங்கள். அளவுகளுக்கிடையே வேறுபாடு குறையக் குறைய, வியர்வை உலர்வது கடினம் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஓட்டம் நடத்துவதானால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. மாணவர்களுக்கு 2 அல்லது 3 கி.மீ. போதும். இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக ஓடிப் பழக்குங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தவர்களை ஓட விடாதீர்கள். வழியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்ணீரும் நிழலும் ஓர் ஆசிரியரும் இருக்கட்டும். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளலாம்.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். அந்த முதல் சில நிமிடங்களே உயிரைக் காக்கும்.

இப்போதெல்லாம் எங்கள் பள்ளி ஓட்டத்தில் முதல் கேள்வி, "சாப்பிட்டாயா?" என்பதுதான். விருந்தினர் தாமதித்தால், குறித்த நேரத்தில் எங்கள் மாணவி ஒருத்தியே கொடியசைத்துவிடுவாள்.